கண்டோம், குறித்தோமா?

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் பெரியோர் வாக்கு. பள்ளியில் கட்டுரை எழுதும்போதெல்லாம் இதை முதல் வரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் கண்ணால் கண்டது எப்படிப் பொய்யாகும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சென்ற பங்குனி மாதத்து இரவொன்றில், ஐந்தே விநாடியில், வானம் எனக்கு அதைக் கற்பித்தது. அந்தப் பாடத்தை என் கல்லூரித் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

நாடகத்தின் நடுவே

எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி வாழும் சிற்றூர். பங்குனியில் மாரியம்மன் திருவிழா. திருவிழா என்றால் எங்கள் பக்கத்தில் 'வள்ளி திருமணம்' நாடகம் இல்லாமல் தீராது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். அன்று பபூன் வந்து சிரிக்க வைத்துப் போய்விட்டார். நாரதர் மேடைக்கு வரவேண்டிய நேரம். தூக்கம் கலைவதற்காக நானும் நண்பர்கள் இருவரும் கூட்டத்தை விட்டு எழுந்து, கண்மாய்க் கரையோரம் போட்டிருந்த டீக்கடைக்குச் சென்றோம்.

நாங்கள் முதலில் வானத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தோம். அது தேய்பிறைக் காலம். நிலவு இன்னும் எழவில்லை. அந்த இருட்டில் எங்கள் மூவரின் நிழல்களும் திடீரென்று மண்ணில் எழுந்து, கடிகார முள்போல் சுழன்றன. தலையை நிமிர்த்தினால் வானத்தில் ஒரு நெருப்புருண்டை! வெல்டிங் பட்டறையில் தெறிக்குமே, அந்தப் பச்சை கலந்த வெண்மை. கண்மாய் நீர் முழுதும் பகல்போல் தெரிந்தது. கரையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. பின்பு அந்த உருண்டை சிவந்த துண்டுகளாகப் பிரிந்து அணைந்தது. முன்னிலும் கொடிய இருட்டு வந்து கவிந்தது. பிறகு, எங்கோ கல் குவாரியில் வெடி வைத்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. ஊர் நாய்கள் யாவும் ஒன்றாகக் குரைத்தன.

கூட்டத்துக்கு ஓடினோம். ஆர்மோனியம் நின்றிருந்தது. நாரதர் வேடக்காரர் கையில் சப்ளாக்கட்டையோடு வானத்தைப் பார்த்தபடி நின்றார். "கொள்ளி விழுந்திருச்சு! கரட்டுக்கு அந்தப் பக்கந்தான் விழுந்துச்சு!" என்று ஒரு குரல். "ஊருக்கு ஆகாது" என்று மற்றொரு குரல். என் அப்பத்தா பாயிலிருந்து எழுந்து வந்து என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "பச்ச மரத்தப் பாருடா! கொள்ளியப் பாத்தவன் பச்ச மரத்தப் பாக்கலைன்னா படிச்சதெல்லாம் மறந்துபோகும்" என்றார். நான் சிரித்தேன். கல்லூரி மாணவன் அல்லவா!

ஐந்து கேள்விகள்

திங்கட்கிழமை கல்லூரிக்கு வந்ததும் கண்டதை ஒன்றுக்குப் பத்தாகப் பேசினேன். செய்தி இயற்பியல் துறைக்கு எட்டியது. பேராசிரியர் எங்கள் மூவரையும் அழைத்தார். பாராட்டுவார் என்று எண்ணிப் போனோம். அவரோ ஆளுக்கொரு தாளைக் கொடுத்துத் தனித்தனியே உட்காரவைத்து ஐந்து கேள்விகள் கேட்டார். அது தோன்றியபோது மணி என்ன? எந்தத் திசையில் தோன்றி எந்தத் திசையில் மறைந்தது? அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் அணைந்தது? எத்தனை விநாடி தெரிந்தது? ஒளிக்கும் ஓசைக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது?

நான் வடக்கிலிருந்து தெற்கு என்று எழுதினேன். ஒருவன் மேற்கிலிருந்து கிழக்கு என்றான். மூன்றாமவன் 'நேரே தலைக்கு மேல்' என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டான். நேரம் ஐந்து விநாடி என்றேன் நான். ஒரு நிமிடம் என்றான் இன்னொருவன். ஓசை உடனே கேட்டது என்று இருவரும், டீ குடித்து முடித்த பிறகு என்று ஒருவனும் எழுதியிருந்தோம். மணியை மூவருமே குறிக்கவில்லை. மூவர் சட்டைப் பையிலும் கைபேசி இருந்தது! பேராசிரியர் மூன்று தாள்களையும் படித்துவிட்டு, "வழக்கு மன்றத்தில் நீங்கள் சாட்சி சொல்லியிருந்தால் கொள்ளி விடுதலை ஆகியிருக்கும்" என்றார். அப்பத்தா சொன்னது பலித்துவிட்டது! கொள்ளியைக் கண்டவர்களுக்கு அனைத்தும் மறந்துபோயிருந்தன.

பிறகு அவர் விளக்கினார். ஞாயிற்றைச் சுற்றித் திரியும் கல் துண்டுகளும் தூசிகளும் நாள்தோறும் பல பத்து டன் அளவுக்குப் பூமிக்குள் நுழைகின்றன. அவற்றின் வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டர் முதல் 72 கிலோமீட்டர் வரை. மணல் அளவுடையவை தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்திலேயே மின்னி மறைகின்றன. அவற்றைத்தான் எரிமீன் என்கிறோம். வெள்ளிக் கோளினும் மிக்க ஒளியோடு தோன்றுமாயின் அது தீக்கோளம். முன்னே உள்ள காற்று தாங்கமுடியாத அளவுக்கு அழுத்தப்பட்டு வெப்பமுறுவதால் கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. அந்த ஆவியும் காற்றும் ஒளிர்வதையே நாம் நெருப்பாகக் காண்கிறோம். பெரும்பாலும் தரைக்கு 20, 30 கிலோமீட்டர் மேலேயே ஒளி அணைந்துவிடும். கல் எஞ்சியிருந்தால், அதன்பின் இருளிலேயே பல நிமிடம் விழுந்து தரையை அடையும். ஒளி மரத்துக்குப் பின்னே மறைந்ததும், 'பக்கத்து வயலில் விழுந்தது' என்று காண்போர் எல்லாரும் எண்ணுவது இயல்பு. ஏனெனில் வானத்தில் தொலைவை அளக்க நம் கண்ணுக்குக் கருவி இல்லை.

இதை அறியாமல் எங்கள் ஊர் இளைஞர்கள் மூன்று நாள் கரட்டில் ஏறித் தேடினார்கள். துளைதுளையாய் இருந்த கருங்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து மஞ்சள் துணியில் வைத்தார்கள். அது பழைய கொல்லுலைக் கசடு! விண்கல்லுக்கு மேலே மெல்லிய கரிய ஓடு இருக்கும்; அப்படித் துளைகள் இருப்பது மிக அரிது.

டீக்கடைச் சாட்சி

"வேறு யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டார் பேராசிரியர். டீக்கடை அண்ணன் நினைவுக்கு வந்தார். அவரைப் போய்க் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அவர் படிக்காதவர், நாங்கள் படித்தவர்கள்.

அடுத்த ஞாயிறன்று பேராசிரியரே எங்கள் ஊருக்கு வந்தார். டீக்கடை அண்ணன் எங்களைவிடத் தெளிவாகப் பேசினார். "சார், வெளிச்சம் அடிச்சப்ப நான் இந்த இடத்துலதான் நின்னேன். மொத கிளாச ஆத்த எடுத்தேன். கோபுரத்துக்கு வலப்பக்கம் வந்து, அந்தா அந்தப் புளியமரத்து உச்சிக்கு மேல அணைஞ்சுச்சு. இந்தத் தம்பிக மூணு பேரும் கத்திக்கிட்டு நின்னாக. நான் கையில எடுத்தத விடல. நாலு கிளாசு ஆத்தி வச்சுட்டுக் கையத் தொடச்சேன்; அப்பத்தான் இடிச்சுச்சு."

பேராசிரியர் அவரை அதே இடத்தில் நின்று நான்கு கிளாஸ் டீ ஆற்றச் சொன்னார். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். 2 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அப்படியானால் ஓசை புறப்பட்ட இடம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்திருக்க வேண்டும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது வானத்தில் 10 பாகையை மறைக்கும். அடிவானத்திலிருந்து அண்ணன் காட்டிய இடம்வரை நான்கு முட்டி உயரம். அதாவது 40 பாகை. ஒளி அணைந்த இடமும் ஓசை புறப்பட்ட இடமும் ஒன்றென்று கொண்டால், அது தரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உயரம். திசைகாட்டியை வைத்துக் கோபுரத்தையும் புளியமரத்தையும் குறித்துக்கொண்டார். கரட்டில் தேடியது வீண் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. கல் ஏதேனும் விழுந்திருந்தால் 30 கிலோமீட்டருக்கு அப்பால்தான் விழுந்திருக்கும்.

"இன்னும் ஓர் ஊரிலிருந்து இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் போதும்; இரண்டு கோடும் வெட்டும் இடத்தைத் தேடிப் போகலாம்" என்றார் பேராசிரியர். மறுவாரம் நாங்கள் நாலைந்து ஊர்களுக்குப் போனோம். காலம் கடந்துவிட்டது. கேட்ட ஒவ்வொருவரிடமும் அவர் கண்டதோடு பிறர் சொன்னதும் கலந்துபோயிருந்தது. ஓர் ஊரில் கொள்ளிக்கு வால் முளைத்திருந்தது. அடுத்த ஊரில் அது பேசவே செய்திருந்தது! அந்தக் கோடு வெட்டவே இல்லை.

எளியோர் சொல்லே சான்று

நான் வரலாறு பயிலும் மாணவன். சான்றுகளை எடைபோடுவது எங்கள் பாடம். ஆகவே இந்தத் துறையின் வரலாற்றைச் சற்றுத் தேடிப் படித்தேன். வியப்பான செய்தி ஒன்று கிடைத்தது. வானிலிருந்து கல் விழும் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தவை தொலைநோக்கிகள் அல்ல. டீக்கடை அண்ணனைப் போன்றவர்களின் சொற்களே!

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் பலர், வானிலிருந்து கல் விழுந்தது என்று உழவர்கள் சொன்னால் நகைத்தார்கள். அது பாமரர் கட்டுக்கதை என்றார்கள். செருமானிய அறிஞர் கிளாட்னி சட்டம் பயின்றவர், ஒலியியலில் பெயர்பெற்றவர். பல நாடுகளில் பல காலங்களில் ஒருவரையொருவர் அறியாத மக்கள் கூறிய சாட்சியங்களை அவர் ஒன்றாகத் திரட்டினார். ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு ஒப்பிட்டார். இத்தனை பேர் ஒரே பொய்யைச் சொல்ல இயலாது என்று கண்டார். கற்களும் இரும்புக் கட்டிகளும் விண்வெளியிலிருந்து வருகின்றன என்று 1794-இல் நூல் எழுதி வெளியிட்டார். பலர் அவரை ஏளனம் செய்தார்கள்.

1798-இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்து மாணவர் இருவர், பிராண்டஸ், பென்சன்பர்க் என்பவர்கள், சில கிலோமீட்டர் இடைவெளியில் வெவ்வேறு இடங்களில் நின்று ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். ஒரே எரிமீனை இருவரும் எந்த விண்மீன்களுக்கிடையே கண்டார்கள் என்று குறித்து, அவற்றின் உயரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் அளவினது என்று கணக்கிட்டார்கள். மேகத்துக்குப் பக்கத்தில் எரியும் வாயு என்று அதுவரை பலரும் நம்பியிருந்த ஒன்றின் உயரத்தை அளந்தவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள்! அவர்களிடம் இருந்தவை கண்ணும், கடிகாரமும், வானப்படமும், எழுதுகோலுமே.

அதே 1798 டிசம்பரில் நம் நாட்டில், காசிக்கு அருகே, இரவு வானில் பெரும் தீக்கோளம் ஒன்று தோன்றிக் கற்கள் விழுந்தன. அக்கற்களை இங்கிலாந்தில் வேதியியல் அறிஞர் ஹோவர்டு பகுத்தாய்ந்து 1802-இல் வெளியிட்டார். வேறு வேறு நாடுகளில் விழுந்த கற்களோடு அவை ஒத்திருந்தன. அவற்றுள் நிக்கல் கலந்த இரும்பு இருந்தது. மறு ஆண்டு, 1803 ஏப்ரல் 26 அன்று, பிரான்சில் லேகில் என்னும் ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3000 கற்கள் பொழிந்தன. அரசு அனுப்பிய இளம் அறிஞர் பியோ நேரே விழுந்த இடத்துக்குச் செல்லவில்லை. தொலைவிலிருந்த ஊரிலிருந்து தொடங்கி, வழியெல்லாம் வண்டிக்காரரையும் உழவரையும் பெண்களையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். கற்கள் விழுந்த பரப்பை வரைபடமாக்கினார். அவருடைய அறிக்கைக்குப் பின் ஐயம் ஏறக்குறைய அடங்கிற்று.

பழங்கதை என்று ஒதுக்கவேண்டா. 1976 சனவரி 28 அன்று இரவு குசராத்து மாநிலத்தில் தாஜலா என்னும் ஊரைச் சுற்றி விண்கற்கள் விழுந்தன. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். கற்களைத் திரட்டியதோடு, கண்டவர்களின் சொற்களைக் கொண்டே அந்தக் கல் வானில் வந்த பாதையையும், அதற்கு முன் அது ஞாயிற்றைச் சுற்றிய வட்டத்தையும் கணித்தார்கள். யாரோ ஒருவர் தம் வீட்டு வாசலில் நின்று, 'அந்த மரத்துக்கு மேலே' என்று சரியாகச் சொன்ன ஒரு சொல், ஒரு கல்லின் பிறப்பிடத்தைத் தேட உதவிற்று.

கூடலூர் கிழார் குறித்த இரவு

இவ்வளவும் மேலைநாட்டு வழி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழ் வகுப்பில் புறநானூற்று 229-ஆம் பாடலை எங்கள் பேராசிரியர் நடத்தியபோது என் உடல் சிலிர்த்தது. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது அது. அதில் அவர் ஒரு மீன் வீழ்ந்ததைக் கண்ட இரவைச் சொல்கிறார். எப்படிச் சொல்கிறார்?

மாதம் பங்குனி. மாதத்தின் முற்பாதி. இரவின் எந்தப் பொழுது என்பது அடுத்து வருகிறது. எந்த நாண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, அதற்கு எதிரே எது எழுந்தது, எது கடல்துறைப் பக்கம் தாழ்ந்தது என்று மூன்றையும் குறிக்கிறார். பழைய உரைகாரர் அவற்றை உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று விளக்குகிறார். வீழ்ந்த மீன் கிழக்கே போகவில்லை, வடக்கே போகவில்லை என்று திசையையும் சொல்கிறார். உலகுக்கே விளக்கானாற்போல் ஒளி பரந்தது என்று அதன் பெருமையையும் சொல்கிறார்.

இயற்பியல் பேராசிரியர் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில், விண்மீன்களையே கடிகாரமாக்கி, நேரமும் திசையும் ஒளியும் குறித்து வைத்தார் ஒரு புலவர். கைபேசி வைத்திருந்த நான் ஒன்றையும் குறிக்கவில்லை. உத்தரமும் மூலமும் நமக்குச் சாதகக் கட்டத்தில் தெரியும். கல்யாணப் பொருத்தத்தில் தெரியும். வானத்தில் எங்கே இருக்கின்றன என்று நம்முள் எத்தனை பேருக்குக் காட்டத் தெரியும்?

ஆனால் அதே பாடலில் மற்றொன்றும் இருக்கிறது. அதைக் கண்ட புலவர் அஞ்சினார். எம் மன்னன் நோயற்று இருந்தால் நன்று என்று நெஞ்சம் நடுங்கினார். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். மீன் வீழ்ந்ததால் மன்னன் வீழ்ந்தான் என்ற நம்பிக்கை அக்காலத்தது. அதற்காகப் புலவரைக் குறை சொல்ல நாம் யார்? அவர் அச்சத்தையும் எழுதினார். கண்டதையும் தனியே, மயக்கமின்றி எழுதினார். அவர் குறித்து வைத்ததனால்தான் இன்று இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு முடிகிறது. குறிப்பே இல்லாதபோது எஞ்சுவது அச்சம் மட்டும். அதற்கு எங்கள் தெருவே சாட்சி.

ஒன்பதாம் நாள்

கொள்ளி விழுந்த ஒன்பதாம் நாள், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இறந்தார். பல ஆண்டுகளாக மூச்சிரைப்பால் துன்புற்றவர்; மார்கழியிலேயே ஒருமுறை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மீட்டு வந்தார்கள். அந்த வீட்டுக்குத் தை மாதம் மருமகளாக வந்த அக்கா நாடகத்தன்று வாசலில் நின்றிருந்தார். கொள்ளியைக் கண்டு முதலில் கூவியவர் அவர் என்று யாரோ சொன்னார்கள். போதாதா? "காலடி வச்ச நேரம் சரியில்ல" என்று இழவு வீட்டிலேயே பேச்சு எழுந்தது. "கொள்ளியக் கூப்பிட்டுக் கொண்டாந்தவ" என்றும் ஒருத்தி சொன்னாள். நான் பந்தலின்கீழ்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தன. அந்த அக்கா நம் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். அவர் தலை குனிந்து நின்றதையும் பார்த்தேன்.

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். அந்தக் கொள்ளி எங்கள் ஊருக்கு மேலே வரவே இல்லை என்பது தெரியும். நம் நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு பேர் இறக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் வாழும் எங்கள் ஊரில் கொள்ளி விழாத ஆண்டிலும் மாதத்துக்கு ஒரு பாடை கட்டத்தான் வேண்டியிருக்கிறது என்ற கணக்கும் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. 'பெரியவர்கள் நடுவே சின்னப் பையன் பேசலாமா' என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பேசியவர் யார் தெரியுமா? பச்சை மரத்தைப் பார்க்கச் சொன்ன என் அப்பத்தாதான்! "ஏண்டி, நானும் என் காலத்துல நாலு கொள்ளி பாத்தவதான். கல்லுமாதிரி உக்காந்திருக்கேன்ல? அந்த மனுசன் மூச்சுக்குத் தவிச்சது ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வந்த புள்ளய ஏன் வய்யுறீக?" என்றார். பேச்சு அடங்கிற்று, ஆனால் முற்றும் அடங்கவில்லை. அந்த அக்காவைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் சொன்னார்கள். நான் இதை எழுதும் இன்றுவரை அவர் திரும்பி வரவில்லை.

அன்று இரவே, கண்ட நேரத்தையும் திசையையும் நாங்கள் எழுதிவைத்துக் கோயில் வாசலிலேயே நாலு பேரிடம் விளக்கியிருந்தால், இந்தப் பேச்சு எழுந்திருக்குமோ, எழாதிருந்திருக்குமோ, சொல்லமுடியாது. ஆனால் பேச்சு எழுந்தபோது மறுக்க ஒரு தாளாவது கையில் இருந்திருக்கும். ஒரு துணிவாவது வந்திருக்கும்.

அவசரப்பட்டு முடிவு கட்டுவது சிற்றூருக்கு மட்டும் உரிய குற்றமன்று. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததால் இறந்தார் என்று மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டது. உலகெங்கும் செய்தி பரவிற்று. படங்களைப் பார்த்த நாசா அறிஞர்களோ, அது தரையில் நிகழ்ந்த வெடிப்புப்போல் தோன்றுகிறது என்றார்கள். முதலில் முடிவு, பிறகு ஆய்வு என்று போனால் இப்படித்தான் ஆகும்.

அறிவு உயிரையும் காக்கும். 2013 பிப்ரவரி 15 காலை ருசியாவின் செலியபின்சுக் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள கல் வெடித்தது. ஞாயிற்றினும் மிக்க ஒளி. 'என்ன அது' என்று மக்கள் சன்னலோரம் ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடிகளை நொறுக்கிற்று. ஏறத்தாழ 1500 பேர் காயமுற்றனர். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். அங்கே ஒரு பள்ளி ஆசிரியை, ஒளியைக் கண்டவுடன் குழந்தைகளை மேசைக்கு அடியில் ஒளியச் சொன்னார். அவர் வகுப்புக் குழந்தைகளுக்குக் காயமில்லை. ஒளிக்கும் ஒலிக்கும் இடையே நேரம் உண்டு என்பது நமக்குத் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்தக் குழந்தைகளுக்கு அது கண்ணும் முகமும்.

நாம் செய்ய வேண்டுவன

என் கருத்து இதுதான். அரிய ஒன்றைக் காண்பது நற்பேறு. ஆனால் கண்டவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. கண்டதை உடனே, பிறரிடம் பேசுமுன், உள்ளது உள்ளபடி குறித்தல் ஒன்று. கண்டதற்கு மேல் யாரேனும் கதை கட்டி ஒருவர்மேல் பழி போட்டால் எழுந்து மறுத்தல் மற்றொன்று. முதற்கடமையில் நான் தவறியது அறியாமையால். இரண்டாவதில் தவறியது கோழைத்தனத்தால். முன்னது மன்னிக்கத்தக்கது; பின்னது அன்று.

நம் கல்லூரி மாணவருள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். சுற்றிலும் 50 கிலோமீட்டர் அளவுக்கு நம் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. எந்த ஆய்வுக்கூடத்துக்கு இத்தனை கண்கள் உண்டு? இயற்பியல் துறையில் ஒரு குறிப்பேடு வைப்போம். நாள், மணி, நின்ற இடம், தோன்றிய திசை, மறைந்த திசை, முட்டிக் கணக்கில் உயரம், விநாடி, நிறம், துண்டானதா இல்லையா, ஓசை வந்த நேரம் என்று பத்துக் கட்டம் போதும். திசை தெரியாவிட்டால், நின்ற இடத்தையும் நேரே தெரிந்த மரத்தையோ கோபுரத்தையோ குறித்தாலே போதும். பிறகு போய் அளந்துகொள்ளலாம். நாம் குறித்ததைப் பன்னாட்டு எரிமீன் அமைப்புக்கும் அனுப்பலாம். பொதுமக்கள் கண்டதை அவர்கள் ஏற்றுப் பதிவு செய்கிறார்கள். கல்லே கிடைத்துவிட்டால் மஞ்சள் துணியில் வைக்காமல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம்.

இயற்பியல் பேராசிரியர் குறிப்பேட்டுக்கு இசைந்துவிட்டார். அதன் முதல் பக்கத்தில் முதல் சாட்சியாக டீக்கடை அண்ணன் சொன்னதை, அவர் சொற்களிலேயே எழுதியிருக்கிறேன். எங்கள் மூவரின் தாள்களையும், வெட்கத்தோடு, அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்த அக்கா வீட்டுப் பெரியவர்களிடம் அந்த முதல் பக்கத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். அப்பத்தாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.